வழுக்கவும் வேண்டும், பிடிக்கவும் வேண்டும்

மார்கழி விடியற்காலையில் பாறசாலைப் பக்கத்து வீடுகளில் தேங்காய் எண்ணெய்ப் புட்டி வெளுத்து உறைந்து நிற்கும் நாட்கள் உண்டு. தலைக்கு வைக்க எண்ணெய் வேண்டுமென்றால் புட்டியை இளவெயிலில் வைக்க வேண்டும். அவசரமென்றால் வெந்நீரில் நிறுத்த வேண்டும். தேங்காய் எண்ணெய் உறைவது சுமார் 24 டிகிரி செல்சியஸில். நெய்யாற்றின்கரைத் தாலுகாவின் இரவுகள் அந்தக் கோட்டைத் தொட்டுத் தொட்டுத் திரும்புபவை.

அதே காலையில் வாசலில் நிற்கும் பழைய காரை எடுத்துப் பாருங்கள். முதல் சில நிமிடங்களுக்கு இரண்டாம் கியர் எளிதில் விழாது. கைக்கு முரடாக இருக்கும். அமரவிளைப் பாலத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போவதற்குள் பதமாகிவிடும். புட்டியில் எண்ணெய் உறைந்தது; கியர் பெட்டியில் அது உறையவில்லை, தடித்திருந்தது. ஓட ஓடச் சூடேறி இளகிவிட்டது, அவ்வளவுதான். கியர் ஆயில் தேர்வின் பாதி அறிவியல் இந்த ஒரு காலையிலேயே இருக்கிறது. மீதிப் பாதி, அந்தப் பெட்டிக்குள் இருக்கும் பித்தளை வளையங்களில் இருக்கிறது.

1956 நவம்பர் 1இல் போட்ட மாநில எல்லை விளவங்கோடு தாலுகாவைத் தமிழ்நாட்டுக்கும் நெய்யாற்றின்கரையைக் கேரளத்துக்கும் கொடுத்தது. பேச்சும் பிழைப்பும் அந்தக் கோட்டைக் கடந்து இன்றும் போய்வருகின்றன, கார்களும் அப்படியே. கியரைக் கையால் மாற்றி ஓட்டுவதில் சுகம் காண்பவர்கள் இந்தப் பக்கமும் உண்டு, அந்தப் பக்கமும் உண்டு. அவர்கள் ஆசைப்பட்டு வாங்கிய வண்டிகளில் சில நம் மண்ணிலேயே செய்யப்பட்டவை. 1998இல் திருவள்ளூர் ஆலையிலிருந்து மிட்சுபிஷி லான்சர் வந்தது. 1999இல் மறைமலை நகரிலிருந்து ஃபோர்டு ஐகான் வந்தது. 2004இல் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ், 2015இல் அபார்த் புன்டோ. எல்லாமே கையால் கியர் போடும் வேகக் கார்கள். இன்று இவற்றில் ஒன்றுகூடப் புதிதாகக் கிடைக்காது. ஃபோர்டு நிறுவனம் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தது. இப்படிப்பட்ட வண்டிகளை ஆசையோடு வைத்திருப்பவர் பெரும்பாலும் ஊர்ப் பட்டறையை நம்பியே காலம் தள்ளுகிறார். எந்த ஆயில் என்ற முடிவும் அவர் தலையிலேயே விழுகிறது.

உதிரிபாகக் கடையில் போய் "தொண்ணூறு ஆயில்" என்று கேட்டால் இரண்டு டப்பா வந்து நிற்கும். ஒன்றில் ஜிஎல்-4 என்றிருக்கும், இன்னொன்றில் ஜிஎல்-5. "அஞ்சு உசத்திதானே அண்ணாச்சி?" என்று கேட்டு ஐந்தை வாங்கிப் போகிறவர்கள் பலர். அங்கேதான் தவறு நடக்கிறது. ஐந்து என்பது நான்கைவிட உயர்ந்த தரமல்ல. அது வேறொரு வேலைக்கான எண்ணெய். இதைப் புரிந்துகொள்ளப் பெட்டிக்குள் ஒருமுறை இறங்கிப் பார்த்தாக வேண்டும்.

பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே

கியர் கம்பியைத் தள்ளும்போது பல் சக்கரங்கள் நகர்ந்துபோய் ஒன்றோடொன்று கோத்துக்கொள்கின்றன என்று பலரும் நினைக்கிறோம். இன்றைய கார்களில் முன்னோக்கிச் செல்லும் கியர்கள் அத்தனையும் எப்போதும் கோத்தபடியே சுழல்கின்றன. ஒவ்வொரு ஜோடியும் தன்போக்கில் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். நாம் கம்பியைத் தள்ளும்போது, எந்த ஜோடி தண்டோடு பூட்டிக்கொண்டு பாரத்தைச் சுமக்க வேண்டும் என்பதை மட்டுமே தீர்மானிக்கிறோம்.

பாரம் சுமக்கும் இடம் மிகச் சிறியது. ஒரு பல்லின் வளைந்த முகம் இன்னொரு பல்லின் வளைந்த முகத்தைத் தொடுவது மெல்லிய கோடு ஒன்றில்தான். எஞ்சினின் முழு விசையும் அந்தக் கோட்டின் வழியாகவே போக வேண்டும். அங்கே அழுத்தம் ஒரு கிகாபாஸ்கல் அளவுக்கு, அதாவது காற்றழுத்தத்தைப் போல ஏறக்குறைய 10,000 மடங்கு உயரும். இவ்வளவு அழுத்தத்தில் எண்ணெய் பிதுங்கி வெளியேறிவிடும் என்றுதான் தோன்றும். நடப்பது நேர்மாறு. அழுத்தம் கூடக் கூட எண்ணெயின் தடிமன் பல மடங்கு பெருகி, ஒரு கணத்துக்கு அது கண்ணாடி போல இறுகிவிடுகிறது. மனித முடியின் பருமனில் நூற்றில் ஒரு பங்கு கனமே உள்ள அந்தப் படலம் இரண்டு எஃகு முகங்களையும் ஒன்றையொன்று தொடவிடாமல் பிரித்து வைக்கிறது. பல் கடந்ததும் மறுபடி நீர்மமாகி ஓடுகிறது.

வண்டி வேகமாக ஓடும்போது இந்தப் படலம் தானாக உருவாகும். ஏனென்றால் சுழற்சியே எண்ணெயை இடுக்குக்குள் இழுத்துவருகிறது. மெதுவாகச் சுழலும்போதும் பாரம் திடீரென்று ஏறும்போதும் படலம் மெலிந்து அறுந்துவிடும். உலோகம் உலோகத்தை உரசும். உரசும் புள்ளியில் ஒரு நொடியின் சிறு பகுதிக்கு வெப்பம் பாயும். பற்களின் நுனிகள் ஒட்டிப் பிய்ந்துவரும். இதைத் தடுக்கத்தான் கியர் ஆயிலில் கந்தகமும் பாஸ்பரசும் சேர்ந்த வேதிப்பொருட்களைக் கலக்கிறார்கள். உரசலின் சூட்டில் இவை இரும்போடு வினைபுரிந்து, பற்களின் மேல் இரும்பு சல்பைடும் பாஸ்பேட்டும் கலந்த மெல்லிய தோலை உண்டாக்குகின்றன. தேயவேண்டிய எஃகுக்குப் பதிலாக அந்தத் தோல் தேய்ந்து உதிர்கிறது. உதிர்ந்த இடத்தில் புதுத் தோல் வளர்கிறது.

நம் முன்னோர் மாட்டுவண்டி அச்சுக்கு ஆமணக்கெண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைத்து வண்டி மை பூசியதும் இதே தேவைக்காகத்தான். மெதுவாகச் சுழன்று பெரும்பாரம் சுமக்கும் அச்சில் வெறும் எண்ணெய் நிற்காது; கூடவே நின்று உரசலைத் தாங்க ஒரு துணை வேண்டும். ஆமணக்கெண்ணெயும் லேசுப்பட்டதல்ல. 40 டிகிரியில் அதன் தடிமன் சுமார் 250 சென்டிஸ்டோக். தேங்காய் எண்ணெய் முப்பதைக்கூட எட்டாது. பந்தய எஞ்சின்களுக்கு ஒரு காலத்தில் ஆமணக்கெண்ணெய்தான் விருப்பமான எண்ணெய். காஸ்ட்ரால் என்ற பெயரே ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து பிறந்தது.

பித்தளை வளையத்தின் வேலை

இதுவரை சொன்னது எண்ணெய் வழுக்க வேண்டிய கதை. இனி அது பிடிக்க வேண்டிய கதை.

தேசிய நெடுஞ்சாலை 66இல் உதியன்குளங்கரை தாண்டி ஒரு காரில் மூன்றாம் கியரில் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கியர் விகிதம் 1.4. எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 முறை சுற்றுகிறது. முன்னால் போகும் பஸ்ஸை முந்த இரண்டாம் கியருக்கு இறங்குகிறீர்கள். அதன் விகிதம் 2.0. காரின் வேகம் மாறவில்லை. ஆகவே எஞ்சின் பக்கத்துத் தண்டு இப்போது நிமிடத்துக்குச் சுமார் 4,300 முறை சுற்றினால்தான் இரண்டும் ஒத்துப்போகும். இடையில் இருக்கும் 1,300 சுற்றை யார் ஈடுகட்டுவது?

சிங்க்ரோ ரிங் என்று பட்டறைகளில் சொல்லும் பித்தளை வளையம்தான். உட்புறம் கூம்பாகக் கடைந்த சிறு வளையம் அது. கியர் கம்பியை நாம் தள்ளும்போது, அந்த வளையம் சுழலும் கியரின் எஃகுக் கூம்பின் மேல் போய் அழுந்தும். பிரேக் கட்டை சக்கரத்தைப் பிடிப்பது போலப் பிடிக்கும். உராய்வாலேயே இரண்டின் வேகத்தையும் ஒன்றாக்கும். வேகம் ஒன்றாகும்வரை வளையத்தின் பற்கள் வழிமறித்து நிற்கும், ஒன்றானதும் வழிவிடும். கியர் சத்தமில்லாமல் விழும். இவ்வளவும் ஒரு நொடியில் சிறு பகுதிக்குள் நடந்து முடிகிறது. அமெரிக்கப் பொறியாளர் ஏர்ல் தாம்சன் உருவாக்கிய இந்த ஏற்பாட்டை 1928இல் காடிலாக் கார்கள் முதலில் கொண்டுவந்தன. அதற்கு முன் ஓட்டியவர்கள் கிளட்சை இரண்டுமுறை மிதித்து, காதால் கேட்டு, வேகத்தைத் தாங்களே ஒத்திசைத்தார்கள்.

சிக்கல் இங்கேதான். வளையமும் கூம்பும் மூழ்கியிருப்பது அதே எண்ணெயில்தான். எண்ணெய் அங்கே தடிமனான படலமாக நின்றுவிட்டால் வளையம் வழுக்கும், கூம்பைப் பிடிக்காது. ஆகவே வளையத்தின் உட்புறத்தில் நுண்ணிய வரிகளை வெட்டியிருப்பார்கள். அழுத்தியவுடன் அவை எண்ணெயைக் கிழித்து வெளியேற்றும். எண்ணெய் அளவுக்கு மீறித் தடித்திருந்தால் கிழிக்க நேரமாகும். மார்கழிக் காலையில் இரண்டாம் கியர் முரண்டு பிடிப்பதன் காரணம் இதுதான். எண்ணெய் இளகியே இருந்தாலும், வழுக்குவதற்கென்று சேர்த்த வேதிப்பொருட்கள் அதில் மிகுந்திருந்தால் அப்போதும் வளையம் பிடிக்காது. வேகம் ஒன்றாவதற்கு முன்பே கை முந்திக்கொள்ளும். கர்ரென்று கியர் கடிக்கும்.

பற்களுக்கு வழுக்க வேண்டும். வளையத்துக்குப் பிடிக்க வேண்டும். ஒரே பெட்டி, ஒரே எண்ணெய், எதிரெதிரான இரண்டு வேலை. கையால் மாற்றும் கியர் பெட்டிக்கு எண்ணெய் தேர்வதென்பது இந்த இரண்டுக்கும் நடுவில் சரியான இடத்தைக் கண்டுபிடிப்பதே.

நான்கும் ஐந்தும்

ஜிஎல் என்ற எண்வரிசை அமெரிக்கப் பெட்ரோலியக் கழகமான ஏபிஐ வகுத்தது. அழுத்தம் தாங்கும் வேதிப்பொருள் சேர்க்காத தாது எண்ணெய் ஜிஎல்-1. அங்கிருந்து மேலே போகப் போக அந்த வேதிப்பொருட்கள் கூடிக்கொண்டே போகும். இன்று புழக்கத்தில் நிற்பவை முக்கியமாக ஜிஎல்-4, ஜிஎல்-5 ஆகிய இரண்டு.

ஐந்தாம் எண் பிறந்ததற்கு ஒரு காரணம் உண்டு. பின்சக்கரத்தை இயக்கும் வண்டிகளில், நீளவாக்கில் வரும் சுழற்சியைக் குறுக்குவாக்கில் திருப்ப கிரவுன், பினியன் என்ற இரண்டு பல் சக்கரங்கள் வேண்டும். 1920களில் அமெரிக்காவின் பாக்கார்டு நிறுவனம் பினியனை கிரவுனின் மையத்திலிருந்து கீழே இறக்கி வைத்தது. அதனால் தண்டு தாழ்ந்தது; காரும் தாழ்ந்தது; ஓட்டத்தின் சத்தமும் குறைந்தது. ஹைப்பாய்டு எனப்படும் இந்த அமைப்பில் பற்கள் உருள்வதோடு நிற்காமல் நீளவாட்டில் உரசிக்கொண்டும் போகின்றன. பழைய எண்ணெய்கள் அந்த உரசலைத் தாங்கவில்லை. அதற்காகவே கந்தகமும் பாஸ்பரசும் கூடுதலாகச் சேர்த்த எண்ணெய்கள் உருவாயின. ஜிஎல்-5 அந்த வழியில் வந்தது. பொதுவாக ஜிஎல்-4இல் இருப்பதைப் போல ஏறக்குறைய இருமடங்கு வேதிப்பொருள் அதில் இருக்கும்.

கிரவுன் பினியனுக்கு அது காவல். பித்தளை வளையத்துக்கு அது தொல்லை. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும். செம்புக்கும் கந்தகத்துக்கும் ஒத்துவராது. வெள்ளிக் கொலுசு நாளடைவில் கறுப்பது காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களால். செம்பும் அப்படியே கறுக்கும். கியர் பெட்டியின் சூட்டில், வினையாற்றத் துடிக்கும் கந்தகம் நிறைந்த எண்ணெயில் பித்தளை வருடக்கணக்கில் ஊறினால் அதன் மேற்பரப்பு சல்பைடாக மாறும். இரும்பின் மேல் உண்டாகும் தோல் எஃகைவிட மென்மையானது; அதனால் அது தேய்ந்து எஃகைக் காக்கிறது. பித்தளையின் மேல் உண்டாகும் தோலோ உரியும்போது பித்தளைத் துகளையும் கூடவே எடுத்துக்கொண்டு போகிறது. வளையத்தின் நுண்வரிகள் மழுங்குகின்றன. எண்ணெயில் பொன்னிறத் தூள் மினுங்குகிறது.

இதைச் சோதிக்கவும் ஒரு முறை இருக்கிறது. பளபளவென்று தேய்த்த செப்புத் தகடு ஒன்றை எண்ணெயில் மூழ்கவைத்து, 121 டிகிரி சூட்டில் மூன்று மணி நேரம் விடுவார்கள். எடுத்துப் பார்த்து, எவ்வளவு கறுத்திருக்கிறது என்பதை ஒன்றிலிருந்து நான்குவரை படிகளாகப் பிரிப்பார்கள். இன்று நல்ல நிறுவனங்களின் ஜிஎல்-5 எண்ணெய்கள் பலவற்றில் செம்பைத் தாக்காத வகைக் கந்தகச் சேர்மங்களும் செம்பைக் காக்கும் பொருட்களும் இருக்கின்றன. ஆகவே அரிப்பு என்ற அச்சம் முன்பளவுக்கு இல்லை. ஆனால் இன்னொரு சிக்கல் அப்படியே நிற்கிறது. அரிக்காவிட்டாலும் அது அளவுக்கு மீறி வழுக்கும். வளையம் பிடிக்க வேண்டிய நேரத்தில் பிடிக்காது. ஜிஎல்-5 ஊற்றியபின் கியர் கடிக்கத் தொடங்கிய பெட்டியில், ஜிஎல்-4ஐ மாற்றி ஊற்றியதும் சத்தம் அடங்குவது இதனால்தான்.

தொண்ணூறு என்ற எண்

ஜிஎல் எண் வேதிப்பொருளைச் சொல்கிறது. தடிமனைச் சொல்வது வேறு எண். 75டபிள்யூ-90 என்று டப்பாவில் போட்டிருப்பதில் 90 என்பது எண்ணெய் சூடான பிறகு எப்படியிருக்கும் என்பதற்கு. எஸ்ஏஇ என்ற பொறியாளர் அமைப்பு வகுத்த அளவுப்படி, 100 டிகிரியில் 13.5 முதல் 18.5 சென்டிஸ்டோக்குக்குள் இருந்தால் அது 90. எழுபத்தைந்து குளிருக்கான எண். மைனஸ் 40 டிகிரியிலும் அந்த எண்ணெய் குறித்த எல்லைக்கு மேல் தடிக்காது என்று பொருள். 80டபிள்யூ என்றால் மைனஸ் 26வரை. 85டபிள்யூ என்றால் மைனஸ் 12வரை.

பாறசாலையில் நின்று இதைப் படித்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும். இங்கே இருபதுக்குக் கீழே வெப்பநிலை இறங்குவதே அரிது. உறைபனி விழும் ஊட்டிக் காலையில்கூட 85டபிள்யூ போதும். அப்படியானால் 75டபிள்யூவுக்குக் கூடுதல் பணம் ஏன்?

விடை குளிரில் இல்லை, எண்ணெயின் குணத்தில் இருக்கிறது. சாதாரணத் தாது எண்ணெயான 80டபிள்யூ-90, நூறு டிகிரியில் 14, 15 சென்டிஸ்டோக் இருந்தால் 40 டிகிரியில் சுமார் 140, 150 இருக்கும். செயற்கை எண்ணெயான 75டபிள்யூ-90 நூறு டிகிரியில் அதே அளவு இருந்தாலும், 40 டிகிரியில் நூறையொட்டியே நிற்கும். வெப்பநிலை மாறினாலும் தன் தடிமனை அதிகம் மாற்றிக்கொள்ளாத குணம் அது. அதனால் நம் மார்கழிக் காலையின் 23 டிகிரியிலும் அது ஓரளவு இளகியே இருக்கும். வளையம் சீக்கிரம் பிடிக்கும். சைபீரியாவுக்காகப் போட்ட எண்ணால் பாறசாலைக்கும் பயன் உண்டு. ஆனால் அந்தப் பயன் காலையின் முதல் சில கிலோமீட்டருக்கு மட்டும்தான். அதற்குக் கூடுதல் பணம் கொடுக்கலாமா என்பது அவரவர் பையைப் பொறுத்தது.

வெப்பமான ஊர், ஆகவே இன்னும் தடித்த 140 ஊற்றலாமே என்று நினைப்பவர்களும் உண்டு. கியர் பெட்டி முனகும்போது அதை மறைக்க இப்படிச் செய்வார்கள். சத்தம் கொஞ்சம் அமுங்கும். ஆனால் பல் சக்கரங்கள் தடித்த எண்ணெயைக் கடைந்து கடைந்து சூட்டைக் கூட்டும், எரிபொருள் வீணாகும், வளையம் பிடிக்கத் தாமதமாகும். முனகல் பெரும்பாலும் பேரிங்கின் தேய்மானத்திலிருந்து வருவது. அதற்கு மருந்து புதுப் பேரிங், தடித்த எண்ணெய் அல்ல.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. எஞ்சின் ஆயிலின் எண்களும் கியர் ஆயிலின் எண்களும் வேறு வேறு அளவுகோல். கியர் ஆயில் 90, தடிமனில் ஏறக்குறைய எஞ்சின் ஆயில் 40, 50க்கு ஒப்பானது. எண் இருமடங்கு என்பதால் எண்ணெய் இருமடங்கு தடிப்பு என்று கொள்ளக்கூடாது. அதனால்தான் சில கார்களின் கியர் பெட்டிக்கு எஞ்சின் ஆயிலையே தயாரிப்பாளர்கள் சொன்னார்கள். எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் வேகக் காருக்கு 20டபிள்யூ-50தான். 1959இல் வந்த மினியில் எஞ்சினும் கியர் பெட்டியும் ஒரே எண்ணெயில் மூழ்கிக் கிடந்தன. ஹோண்டாவும் பல ஆண்டுகள் தன் கார்களின் கியர் பெட்டிக்கு எஞ்சின் ஆயிலையே பரிந்துரைத்தது. நம் வீட்டு மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவற்றில் எஞ்சின், கிளட்ச், கியர் மூன்றுக்கும் இன்றும் ஒரே எண்ணெய்தான்.

பெட்டியின் அமைப்பே வழிகாட்டி

ஆகவே கடையில் நிற்கும்போது முதலில் கேட்க வேண்டியது, இந்தக் காரின் கியர் பெட்டிக்குள் என்னென்ன இருக்கிறது என்பதே.

ஐகான், அபார்த் புன்டோ, ஆக்டேவியா ஆர்எஸ் போன்றவற்றில் எஞ்சின் குறுக்காகக் கிடக்கும், முன்சக்கரம் இழுக்கும். சுழற்சியைத் திசைதிருப்ப வேண்டியதில்லை. ஆகவே கிரவுன் பினியனின் கடும் உரசல் அந்தப் பெட்டிக்குள் கிடையாது. இருப்பது சாய்வுப் பற்களும் சிங்க்ரோ வளையங்களும்தான். இவற்றுக்கு ஜிஎல்-5இன் கூடுதல் வேதிப்பொருளால் பயனில்லை. ஜிஎல்-4 வகையும், அதற்குள் தயாரிப்பாளர் சொல்லும் தடிமனுமே சரி. புதிய பெட்டிகளில் 90ஐவிட மெலிந்த எண்ணெயையே பல நிறுவனங்கள் சொல்கின்றன. அங்கே பழக்கத்தை விட்டுவிட்டுப் புத்தகத்தை நம்ப வேண்டும்.

மலைப்பாதைப் பந்தயக்காரர்களின் பழைய தோழனான மாருதி ஜிப்ஸியில் கணக்கு வேறு. கியர் பெட்டி தனி, நான்கு சக்கரத்துக்கும் பிரித்துக்கொடுக்கும் பெட்டி தனி, முன்னும் பின்னும் இரண்டு ஹவுசிங் தனி. ஹவுசிங்குக்குள் கிரவுன் பினியன் இருக்கிறது. பித்தளை வளையம் இல்லை. அங்கே ஜிஎல்-5 தன் இடத்தில் இருக்கிறது. கியர் பெட்டிக்கு அது உகந்ததல்ல. லாரியும் ஜீப்பும் பார்த்துப் பழகிய கைகள் ஒரே டிரம்மிலிருந்து எல்லாவற்றுக்கும் ஊற்றுவதில்தான் சிங்க்ரோ வளையங்கள் பலியாகின்றன.

மிகச் சிக்கலான கணக்கு போர்ஷே 911 போன்ற கார்களுடையது. அங்கே சிங்க்ரோ வளையங்களும் ஹைப்பாய்டு பற்களும் ஒரே கூட்டுக்குள் ஒரே எண்ணெயில் வாழ்கின்றன. பற்களைக் காக்கவும் வேண்டும். வளையத்தை வழுக்கவிடவும் கூடாது. அதற்கென்றே இணக்கமாகக் கலந்த எண்ணெய்கள் உண்டு. அவற்றைத் தயாரிப்பாளரின் ஒப்புதல் எண் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

பந்தயத்துக்கென்றே செய்த கார்களில் சிங்க்ரோ வளையமே இல்லாத கியர் பெட்டிகள் உண்டு. தடித்த உலோகக் கொக்கிகள் நேராகப் போய்க் கோத்துக்கொள்ளும். பிடிக்க வேண்டியது ஒன்றும் இல்லாததால் அங்கே வழுக்கும் எண்ணெயைத் தாராளமாக ஊற்றலாம். இருங்காட்டுக்கோட்டையிலோ கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ பந்தயக்காரர் ஒருவர் ஊற்றும் எண்ணெயைப் பார்த்துவிட்டு, அதையே சாலையில் ஓடும் காருக்கும் வாங்குவது ஏன் தவறு என்பது இப்போது விளங்கும். அவருடைய பெட்டி வேறு, நம்முடைய பெட்டி வேறு.

எல்லைச் சாலையின் சோதனைகள்

நெய்யாற்றின்கரைத் தாலுகாவின் சாலைகள் கியர் பெட்டிக்கு மூன்று விதமான சோதனை வைக்கின்றன. நெடுஞ்சாலையில் பாலராமபுரம் தொடங்கிக் களியக்காவிளைவரை நெரிசல். ஒன்றும் இரண்டும் மாறி மாறிப் போட்டுக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொரு மாற்றமும் வளையத்தில் ஓர் உரசல். கிழக்கே வெள்ளறடைப் பக்கம் ஏறினால் குறைந்த வேகத்தில் அதிக பாரம். எண்ணெய்ப் படலம் மெலியும் நிலை. மூன்றாவது மழை. தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் இரண்டும் நனைக்கும் நிலம் இது. கியர் பெட்டியின் தலையில் காற்று வாங்கும் சிறு துளை ஒன்று உண்டு. சூடான பெட்டி தேங்கிய வெள்ளத்தில் இறங்கினால், உள்ளே காற்று குளிர்ந்து சுருங்கி அந்தத் துளை வழியாக நீரை உறிஞ்சும். நீர் கலந்த எண்ணெய் மோர் போல வெளுக்கும். படலம் உடையும், பேரிங் துருப்பிடிக்கும். சக்கரத்தின் பாதிவரை நீரில் ஓட்டிய வண்டியின் கியர் ஆயிலை, கிலோமீட்டர் கணக்குப் பார்க்காமல், அந்த வாரமே திறந்து பார்க்க வேண்டும்.

மற்ற நாட்களில் எப்போது மாற்றுவது? தயாரிப்பாளர் சொன்ன தூரம் முதல் வழிகாட்டி. "ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம்" என்று சொன்ன பெட்டிகளிலும், வேகமாக ஓட்டுபவர் 40,000 முதல் 60,000 கிலோமீட்டருக்குள் ஒருமுறை மாற்றுவது நல்லது. எண்ணெயில் தடிமனைக் காக்கும் நீண்ட பாலிமர் சங்கிலிகளைப் பற்கள் அரைத்து அறுத்துவிடும். இதனால்தான் எஸ்ஏஇ விதியில், 20 மணி நேரம் அரைத்துச் சோதித்த பிறகும் எண்ணெய் தன் எண்ணுக்குரிய தடிமனில் நிற்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறது. மலிவு எண்ணெய்க்கும் நல்ல எண்ணெய்க்கும் உள்ள வேறுபாடு புதிதாக ஊற்றும் நாளில் தெரியாது; இரண்டு வருடம் கழித்துத் தெரியும்.

மாற்றும்போது ஒரு வரிசையை மறக்கக்கூடாது. எண்ணெய் வடிக்கும் கீழ் போல்ட்டைத் தொடுவதற்கு முன், ஊற்றும் மேல் போல்ட்டை முதலில் கழற்றிப் பார்த்துவிட வேண்டும். மேலது துருப்பிடித்து வராவிட்டால், கீழே வடித்த பெட்டி வெறுமையாக நின்றுவிடும். வண்டியைச் சிறிது ஓட்டி, வெதுவெதுப்பாக இருக்கும்போது வடித்தால் அழுக்கும் சேர்ந்து வரும். வடிக்கும் போல்ட்டில் காந்தம் இருந்தால் அதில் ஒட்டியிருப்பதைத் துடைத்துப் பாருங்கள். சாம்பல் நிறக் குழம்பு இயல்பு. எஃகுச் சில்லு ஆபத்து. எண்ணெயில் பொன்னிறத் தூள் மிதந்தால் வளையம் தேய்கிறது என்று பொருள். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, புது எண்ணெயை மேல் துளையின் விளிம்பு வரை ஊற்றினால் போதும். அளவு குறைந்தால் மேல் பற்கள் காயும். மிஞ்சினால் நுரைத்துப் பொங்கி, அடைப்புகளை உடைத்துக் கசியும்.

வடித்த பழைய எண்ணெய் எங்கே போகிறது என்பதையும் கேட்டாக வேண்டும். நெய்யாறு 1,868 மீட்டர் உயர அகத்தியமலையில் பிறந்து பூவாற்றில் கடலில் கலக்கிறது. அதன் கரை ஊர்களுக்குக் குடிநீரும் வயல்நீரும் அதுதான். பட்டறை ஓடையில் ஊற்றிய எண்ணெய் முதல் மழைக்கே அங்கே போய்ச் சேரும். பயன்படுத்திய எண்ணெயை 2016ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள் அபாயகரமான கழிவு என்றே வகைப்படுத்துகின்றன. கேனில் அடைத்து, பதிவுபெற்ற மறுசுழற்சிக்காரரிடம் கொடுக்கும் பட்டறையையே தேடிப் போங்கள்.

கார் ஆசை தவறில்லை. கையும் காலும் காதும் ஒன்றாக இயங்கி, ஒரு கியர் சத்தமின்றி விழும்போது கிடைக்கும் மகிழ்ச்சி உண்மையானது. அந்த மகிழ்ச்சியைத் தருவது உள்ளங்கையில் அடங்கும் ஒரு பித்தளை வளையம். அது தேய்ந்தால் கியர் பெட்டியையே இறக்கிப் பிரிக்க வேண்டும். அது தேயாமலிருக்கச் செலவாவது இரண்டு லிட்டர் சரியான எண்ணெயும், கையேட்டின் ஒரு பக்கத்தைப் படிக்கும் நேரமும்தான். அடுத்தமுறை கடைக்குப் போகும்போது "தொண்ணூறு ஆயில்" என்று மட்டும் கேட்காதீர்கள். கையேட்டில் இருக்கும் இரண்டு எண்களையும், தடிமன் எண்ணையும் ஜிஎல் எண்ணையும், ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். இரண்டும் பொருந்தும் டப்பாவை மட்டும் வாங்குங்கள்.